பிக்கர்ஸ்லி சாலைப் பட்டறை

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில், வூஸ்டர்ஷயரின் சமவெளியிலிருந்து யாரும் எதிர்பாராத விதமாகத் திடீரென்று எழுந்து நிற்கும் மால்வெர்ன் குன்றுகளின் அடிவாரத்தில், மால்வெர்ன் லிங்க் என்று ஓர் ஊர் இருக்கிறது. குன்றில் சுரக்கும் ஊற்று நீரின் குணத்தை நம்பி ஒரு காலத்தில் நோயாளிகள் தேடி வந்த வட்டாரம் அது. எட்வர்ட் எல்கார் என்னும் சங்கீத மேதை வாழ்ந்ததும், சிறிது தூரத்தில் அடக்கமாகியிருப்பதும் அங்கேதான். நான் போனது நீருக்காகவும் அல்ல, சங்கீதத்துக்காகவும் அல்ல. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் மீது பித்துக் கொண்ட சிலரோடு எனக்குப் பழக்கமுண்டு. எந்தக் கார் சிறந்தது என்பதில் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத அவர்கள், பீட்டர் மார்கன் என்ற பெயரை எடுத்தால் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கம்பெனி முதலாளி ஒருவரைப் பற்றிப் பேசுவது போலன்றிக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரை இழந்தவர்கள் பேசுவது போலப் பேசுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். 2003 அக்டோபர் 20-ஆம் தேதி, தமது 84-ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவர் காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, அப்படி என்னதான் செய்துவிட்டார் அந்த மனிதர் என்று அவருடைய பட்டறையிலேயே பார்த்துவிடுவது என்று புறப்பட்டேன்.

பிக்கர்ஸ்லி சாலையிலுள்ள அந்தப் பட்டறையைத் தொழிற்சாலை என்று சொல்ல நாக்குக் கொஞ்சம் கூசும். சரிவான நிலத்தில் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கும் செங்கல் கொட்டகைகள், வர்ணம் பூசிய பெரிய கதவுகள், கொட்டகைகளுக்கிடையே வானம் பார்த்த நடைபாதை, அவ்வளவுதான். அரைகுறையாக உருவான கார் ஒன்றை இரண்டு பேர் ஒரு கொட்டகையிலிருந்து அடுத்ததற்குப் பேசிக்கொண்டே தள்ளிக்கொண்டு போனார்கள். அவசரம் காட்டவில்லை, சரிவும் அவர்களுக்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தது. வாசலருகே கார்கள் நிறுத்தும் இடத்தில், தரையில் எண்ணெய்ச் சொட்டுகள் இரண்டிரண்டாக, தோராயமாக நான்கடி இடைவெளி விட்டுப் படிந்திருப்பதைப் பார்த்தேன். பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, ஏன் இரண்டிரண்டாக என்று அப்பொழுது யோசிக்கவில்லை.

முதலில் தச்சுப் பட்டறை. உள்ளே கால் வைத்ததும் மரத்தூளின் வாசனையும் பசையின் வாசனையும் கலந்து வந்தன. மார்கன் காரின் உடல் ஆஷ் என்னும் மரத்தால் கட்டிய கூட்டின்மேல் தகடு போர்த்தியது. நம் பக்கத்து வண்டித் தச்சர்கள் கருவேலத்தை நம்பியது போல இங்கிலாந்தின் வண்டித் தச்சர்கள் ஆஷ் மரத்தை நம்பினார்கள். நேரான நீண்ட இழை கொண்டது, வளைத்தால் வளையும், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், திருகாணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு தச்சரின் கையிலிருந்த சுத்தியலின் பிடியும் ஆஷ் மரம்தான் என்று அவரே காட்டினார். காரின் அடிச்சட்டமே மரம் என்று நான் எங்கோ கேட்டதை நம்பி, "இந்தச் சட்டமும் இதே மரந்தானா?" என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, வருகிறவர்களில் பாதிப் பேர் அதையே கேட்பார்கள் போலும். என்னை ஒரு வண்டியருகே அழைத்துப் போய்க் குனியச் சொல்லி, விரல் முட்டியால் தட்டிப் பார்க்கச் சொன்னார். எஃகு. "மரம் அதற்கு மேலேதான், ஐயா. ஊரில் போய் நீங்களாவது சரியாகச் சொல்லுங்கள்" என்றார்.

பின் சக்கரத்தின்மேல் வளைந்து நிற்கும் வில்லை அவர்கள் செய்யும் விதத்தை நின்று பார்த்தேன். மெல்லிய ஆஷ் பட்டைகள் மூன்றுக்குப் பசை தடவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சக்கர வளைவுக்கேற்பக் குடைந்த கனத்த மர அச்சுக்குள் இறக்குகிறார்கள். பட்டைகள் விறைத்துக்கொண்டு நிமிரப் பார்க்கின்றன. ஒருவர் தம் உடம்பின் பாரத்தை அவற்றின்மேல் சாய்த்து அழுத்த, மற்றவர் இரும்புக் கவ்விகளை ஒவ்வொன்றாக முடுக்கிக்கொண்டே வருகிறார். ஓரங்களில் பசை வெண்முத்துக்களாகப் பிதுங்குகிறது. அத்துடன் அன்றைய வேலை முடிந்தது. இரவெல்லாம் அப்படியே கிடந்து மறுநாள் காலை அச்சைத் திறந்தால், மூன்று பட்டைகளும் ஒரே மரமாகி, வளைந்தது வளைந்தபடி நிற்கும். அந்த அச்சின் விளிம்புகள் எத்தனையோ கைகள் பட்டுப் பட்டு வழவழத்துக் கறுத்திருந்தன. அதைப் பிடித்து முடுக்கிய இளைஞருக்கு இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. தம் தகப்பனார் பக்கத்துக் கொட்டகையில் தகடு அடிக்கிறார் என்றார்.

அந்தக் கொட்டகைக்குள் காதைப் பொத்திக்கொண்டுதான் நுழைய வேண்டியிருந்தது. மரக்கூட்டின்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்தி, விளிம்பைச் சுத்தியலால் மடித்து மடித்து, கூட்டோடு இசைய வைக்கிறார்கள். மரத்தை மனிதன் கையால் இழைத்ததால் ஒரு கூடு மற்றொன்றைப் போல் அச்சாக அமைவதில்லை. ஆகவே ஒரு வண்டியின் கதவை எடுத்து இன்னொரு வண்டிக்கு மாட்ட முடியாது. தகப்பனார் ஒரு கதவை மாட்டினார், சாத்தினார், ஓசையைக் கேட்டார், கழற்றினார், ஓரத்தில் ஒரு நூலளவு இழைத்தார், மறுபடி சாத்தினார். ஐந்தாவது தடவை ஓசை அவருக்குத் திருப்தியாயிருந்தது. எனக்கு நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வேலைமுறை பீட்டர் மார்கன் ஏற்படுத்தியதல்ல. ஸ்தாபகர் அவருடைய தந்தை ஹெச். எஃப். எஸ். மார்கன், ஹியர்ஃபோர்ட்ஷயரின் ஸ்டோக் லேசி என்ற கிராமத்துப் பாதிரியாரின் புதல்வர். ஸ்விண்டன் ரயில் பட்டறையில் தொழில் பயின்று, 1909-இல் மூன்று சக்கர வண்டியொன்றை உருவாக்கினார். 1910-இல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் அதை வைத்தார். மூன்று சக்கர வண்டிக்கு மோட்டார் சைக்கிளுக்குரிய வரியே உண்டு என்பதால், கார் வாங்க வகையற்ற ஜனங்களுக்கு அது ஒரு வரப்பிரசாதமாயிற்று. 1936-இல்தான் நான்கு சக்கரம் வந்தது. முன் சக்கரங்கள் செங்குத்தான ஒரு தண்டின்மேல் சுருள்வில்லோடு ஏறி இறங்கும் ஏற்பாடு மட்டும் அந்த முதல் வண்டியிலிருந்தே இருந்தது. நான் பார்த்தபோதும் பழைய பாணி வண்டிகளில் அதுவேதான் இருந்தது.

நான்கு பெண்களோடு பிறந்த ஒரே மகனான பீட்டர், ராணுவ சேவை முடிந்து 1947-இல் பட்டறையில் சேர்ந்தார். 1959-இல் தந்தை மறைந்ததும் முழுப் பொறுப்பும் அவர்மேல் வந்தது. வந்த வேளை நல்ல வேளையல்ல. வண்டிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்கே போய்க்கொண்டிருந்த அந்த நாளில், 1960 வாக்கில் அங்கே சந்தை சட்டென்று சுருங்கிவிட, பட்டறை தத்தளித்தது. ஒரே வாசலை நம்பியிருந்ததன் ஆபத்தை அப்பொழுது பட்டுத் தெரிந்துகொண்டவர் பின்னாட்களில் எந்த வாசலும் தம்மை அவசரப்படுத்த இடங்கொடுக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பட்டறையை விலைக்குக் கேட்டு வந்தவர்களும் சாமானியர்களல்லர். ஸ்டாண்டர்ட் கம்பெனியின் தலைவர் சர் ஜான் பிளாக், இளமையில் ஹெச். எஃப். எஸ்ஸின் முதல் வண்டிக்கான பேடண்ட் வரைபடங்களைத் தம் கையாலேயே வரைந்து கொடுத்தவர், பின்னால் கம்பெனியையே வாங்கிக்கொள்ள முன்வந்தார். தந்தையும் மகனும் மறுத்துவிட்டார்கள். 1966-இல் ரோவர் கம்பெனியும் அதே யோசனையோடு வந்தது. கம்பெனியைக் கொடுக்காத பீட்டர், வந்தவர்களிடமிருந்து அவர்களுடைய மூன்றரை லிட்டர் வி-8 எஞ்சினை மட்டும் வாங்கிக்கொள்ளும் வழியைப் பார்த்தார்! 1968-இல் வெளிவந்து முப்பத்தைந்து வருஷங்களுக்கு மேல் விற்ற பிளஸ் 8 பிறந்தது அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்களிடம் பெண்ணைக் கொடுக்காமல் சீரை மட்டும் வாங்கி வைத்துக்கொண்ட சாமர்த்தியம் அது.

மாறுதலே கூடாது என்ற கட்சி அல்லர் அவர். 1963-இல், கண்ணாடி இழையாலான மூடிய உடலோடு பிளஸ் ஃபோர் பிளஸ் என்ற நவீன வண்டியொன்றைத் துணிந்து கொண்டுவந்தார். மார்கன் அபிமானிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்; மொத்தம் 26 வண்டிகளோடு அந்தக் கதை முடிந்தது. அதற்குச் சற்றே முன்பு, 1962-இல், பழைய உருவத்திலிருந்த பிளஸ் 4 ஒன்று பிரான்ஸில் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில், கிறிஸ் லாரன்ஸும் ரிச்சர்ட் ஷெப்பர்ட்-பேரனும் மாறி மாறி ஓட்ட, இரண்டு லிட்டர் பிரிவில் வென்றிருந்தது. இவ்விரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு மனிதர் என்ன முடிவுக்கு வருவார் என்று சொல்லத் தேவையில்லை.

1990-இல் பி.பி.சி. தொலைக்காட்சிக்காக, ஐ.சி.ஐ. என்ற பெருங்கம்பெனியின் தலைவராயிருந்த சர் ஜான் ஹார்வி-ஜோன்ஸ் இந்தப் பட்டறையை ஆராய வந்தார். வாடிக்கைக்காரர்கள் ஒரு வண்டிக்காக வருஷக்கணக்கில் காத்திருப்பதையும், வேலையாட்கள் வண்டிகளைக் கையால் தள்ளிக்கொண்டு போவதையும் பார்த்துத் திடுக்கிட்டு, உற்பத்தியைப் பெருக்குங்கள், விலையை உயர்த்துங்கள், வேலைமுறையைத் திருத்துங்கள் என்று புத்தி சொன்னார். பீட்டரும் அவர் மகன் சார்ல்ஸும் ஏற்கவில்லை. தேசமே தொலைக்காட்சியில் பார்த்தது. விளைவு, வண்டி கேட்டு வருகிறவர்கள் இன்னும் அதிகமானார்கள். ஹார்வி-ஜோன்ஸ் சொன்னது கணக்கின்படி தப்பல்ல. பிற்காலத்தில் அந்தப் பட்டறையே உற்பத்தியைக் கூட்டவும் செய்தது. 2019-இல் பெரும்பங்கு இத்தாலிய முதலீட்டாளர் கைக்குப் போனபின், நான் விரல் முட்டியால் தட்டிப் பார்த்த எஃகுச் சட்டத்துக்கும் விடை கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் 1960-இல் அடிபட்ட ஒருவருக்கு, வாசலில் காத்து நிற்கும் வரிசை என்பது குறையாகத் தெரிந்திருக்காது, மழைக்காலத்துக்குக் குதிரில் வைத்த நெல்லாகவே தெரிந்திருக்கும். கதவை ஐந்து தடவை சாத்திப் பார்க்க அந்தத் தகப்பனாருக்கு அவகாசம் கிடைப்பது அந்த வரிசையின் புண்ணியத்தால்தான்.

"பீட்டர் மார்கனை உங்களுக்குத் தெரியுமா?" என்று அவரிடம் கேட்டிருந்தேன். சுத்தியலைக் கீழே வைத்தார். "தெரியாமலென்ன?" என்றார். நான் காத்திருந்தேன், மேற்கொண்டு எதுவும் வரவில்லை. சுத்தியல் மறுபடி மேலே போயிற்று. அந்நியன் ஒருவன் கேட்டதற்குக் கதை கதையாக அளக்காத அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது.

வாசலில் பேச ஆள் கிடைத்தது. எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர், 1960-களின் தொடக்கத்து பிளஸ் 4 ஒன்றில் வந்திருந்தார். ட்ரையம்ஃப் எஞ்சின், தோல் வாரால் இறுக்கிய எஞ்சின் மூடி. இந்தப் பழைய வண்டி கைக்கு வருவதற்கு முன்னால் புதிய வண்டிக்காகத் தாம் பெயரைப் பதிந்துவிட்டு ஏழு வருஷம் காத்திருந்ததைக் குறையாகவன்றிப் பெருமையாகவே சொன்னார். பெயர் பதிந்தபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள், வண்டி வந்தபோது கல்யாணக் கோலத்தில் அதில் ஏறிப் போனாளாம். "ஒரு சுற்று வருகிறீர்களா?" என்று கேட்டார். குன்றைச் சுற்றி வந்தோம். பாதையின் ஒவ்வொரு கல்லையும் என் முதுகெலும்பு தனித்தனியாக அறிந்துகொண்டது; பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என்னிடம் அவர், இடப்பக்கம் தெரியும் பள்ளத்தாக்கின் அழகை வருணித்துக்கொண்டே வந்தார்.

திரும்பி வந்து, ஒரு மணி நேரம் தேநீரும் பேச்சுமாகக் கழிந்து, எஞ்சின் ஆறிய பிறகு அவர் விடைபெற்றார். ஆசனத்தில் அமர்ந்ததும் உடனே புறப்படவில்லை. எஞ்சினைக் கிளப்பி, காலடியிலிருந்த ஒரு சிறு குமிழை இடது காலால் அழுத்திச் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தார். எதற்கென்று கேட்டேன். எஞ்சினிலுள்ள எண்ணெயில் கொஞ்சம் இந்தக் குழாய் வழியாக முன் சக்கரத்துத் தண்டுகள் இரண்டுக்கும் போகும். அவ்வப்பொழுது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, எண்ணெய் கெட்டியாயிருக்கும்போதே, இதைச் செய்துவிட வேண்டும் என்றார். ஏறி இறங்கும் தண்டு உலர்ந்துவிட்டால் தேய்ந்துவிடுமல்லவா?

வண்டி சாலையில் திரும்பி மறைந்த பிறகு, அது நின்ற இடத்தைப் பார்த்தேன். தரையில் பழைய சொட்டுகளுக்குப் பக்கத்தில், நான்கடி இடைவெளி விட்டு, புதிதாக இரண்டு சொட்டுகள் மினுங்கின.