‘டக்’ என்று ஓர் எழுத்து! – நமீபியா பள்ளியில் ஒரு நாள்

நமீபியா என்றதும் அட்லாண்டிக் கடலோரம் நீளும் செம்மணல் குன்றுகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். உலகின் மிகப் பழைமையான பாலைவனங்களில் ஒன்றான நமீப், தன் பெயரையே நாட்டுக்குக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டைப்போல ஆறு மடங்கு பரப்பு. மக்களோ சுமார் 30 லட்சம் பேர்தான். அதற்குள் பத்துக்கும் மேற்பட்ட மொழிகள்! பல வருடங்களாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவரும் எனக்கு, மணல் குன்றுகளைவிட அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்க்கத்தான் ஆசை.

தலைநகர் விண்ட்ஹூக்கை ஒட்டியிருக்கிறது கத்தூத்தூரா. ஹெரேரோ மொழியில் ‘நாங்கள் குடியிருக்க விரும்பாத இடம்’ என்று அர்த்தமாம். தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் பிடியில் நாடு இருந்தபோது, கறுப்பின மக்களை நகரிலிருந்து அப்புறப்படுத்தி இங்கே குடியேற்றினார்கள். அதை எதிர்த்தவர்கள்மீது 1959 டிசம்பர் 10 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. 11 பேர் உயிரிழந்தார்கள். புதிய குடியிருப்பில் டமாரா, ஹெரேரோ, ஒவாம்போ என்று ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிப் பகுதி. வீட்டு எண்ணோடு இனத்தின் முதல் எழுத்தையும் சேர்த்தே எழுதினார்கள்.

இன்று அந்தப் பகுதிகளின் பிள்ளைகள் ஒரே பள்ளி வாசலில் நுழைகிறார்கள். நான் போன பள்ளியில் முதல் வகுப்புக்கு மூன்று பிரிவுகள். ஒன்றில் ஒஷிண்டோங்கா, அடுத்ததில் ஹெரேரோ, மூன்றாவதில் கோய்கோய்கோவாப். மூன்றாம் வகுப்பு வரை தாய்மொழியில்தான் பாடம். ஆங்கிலம் தனிப் பாடமாக இருக்கும்.

கோய்கோய்கோவாப் வகுப்பில் காலடி வைத்ததும் ‘டக்... டொக்...’ என்று சத்தம். நாம் ‘ச்சு’ கொட்டுவோமே, குதிரையை ஓட்ட நாக்கைச் சொடுக்குவோமே, அதெல்லாம் அங்கே மெய்யெழுத்துகள்! மொத்தம் நான்கு சொடுக்கொலிகள். ஒற்றைக் கோடு, இரட்டைக் கோடு, ஆச்சரியக்குறி, குறுக்கே இரண்டு கோடு போட்ட நெடுங்கோடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. கரும்பலகையில் டீச்சர் ஒவ்வொன்றாகத் தொட, பிள்ளைகள் மழைத்துளி விழுவதுபோல் சொடுக்கினார்கள். பதிலுக்கு நான் ‘ழ’ சொல்லிக்கொடுத்தேன். ஒரு பெண் குழந்தை தன் விரலை வாய்க்குள் விட்டு, நாக்கு எங்கே மடங்குகிறது என்று தேடிப் பார்த்தாள்!

உண்மையான சோதனை நான்காம் வகுப்பில். அங்கிருந்து பாடமெல்லாம் ஆங்கிலம். 1990 மார்ச் 21-ல் சுதந்திரம் பெற்றபோது ஆங்கிலத்தை மட்டுமே ஆட்சிமொழி ஆக்கினார்கள். அதை வீட்டில் பேசுகிறவர்களோ நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தான்! எந்த இனத்துக்கும் சொந்தமில்லாத மொழி என்பதே அதற்குக் கிடைத்த தகுதி. மக்களைப் பிரித்துவைக்கத் தாய்மொழிகளைப் பயன்படுத்திய ஆட்சியை அனுபவித்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் நியாயமானதுதானே?

ஆனால், அதற்கான விலையைக் குழந்தைகள் கொடுக்கிறார்கள். “மூன்றாம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசிய பிள்ளை, நான்காம் வகுப்பில் ஊமையாகிவிடுகிறது” என்றார் ஒரு ஆசிரியை. “பெற்றோரோ, முதல் வகுப்பிலேயே ஆங்கிலத்தில் நடத்தினால் என்ன என்று கேட்கிறார்கள்.” நம் ஊர்ப் பெற்றோர் குரல் அப்படியே காதில் விழுந்தது.

அவர் கண்டுபிடித்திருக்கும் வழி எளிமையானது. அறிவியல் பாடத்தில் “பாலைவனச் செடிக்குத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஒரே மொழி பேசும் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராகத் திரும்பி, தங்கள் மொழியில் இரண்டு நிமிடம் பேசிக்கொண்டார்கள். வகுப்பே சந்தைபோல் இரைந்தது. பிறகு பத்துப் பன்னிரண்டு கைகள் உயர்ந்தன. “கடலிலிருந்து மூடுபனி வருகிறது” என்றான் ஒரு பையன், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். சரியான பதில்! மழை அரிதான நமீப் கரையோரத்தில் செடிகளுக்கும் வண்டுகளுக்கும் அந்தப் பனிதான் தண்ணீர்.

ஆங்கிலம் தெரியாததால் அந்தப் பையன் பேசாமல் இருந்திருந்தால், பதில் தெரியாதவன் என்றுதானே முடிவு கட்டியிருப்போம்? பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது எவ்வளவு என்பதை முதலில் அவர்கள் மொழியில் சொல்லவிட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை எந்தப் பள்ளியும் கொடுக்கலாம், செலவே இல்லை!