எலுமிச்சம்பழம் எதற்கு?

டத்தோ சாச்சார் நாள். மே வெயில் பத்து மணிக்கே காஜா பேராங் சாலைத் தாரை இளக்கிவிட்டது. புக்கிட் ரம்பாய்ப் பக்கத்திலிருந்து மோட்டாரில் வந்தவர்கள் ஹெல்மெட்டை ஹேண்டிலில் மாட்டிவிட்டு நிழல் தேடுகிறார்கள். முத்துமாரியம்மன் கோவில் 1822-இல் எழுந்தது. அம்மை நோயைத் தணிப்பவளுக்கு மலாக்கா செட்டிகள் எடுக்கும் விழா இது.

வாசலில் பாய் விரித்து ஒரு பாட்டி பூத்தொடுக்கிறார். கெபாயா, பாத்தேக் சாரோங், நெற்றியில் பட்டையாகத் திருநீறு. வாயில் மலாய். பக்கத்தில் பேத்தி தொடுத்த சரம் தளர்ந்துவிட்டது. பாட்டி திட்டவில்லை. சரத்தை முழுக்க அவிழ்த்து மறுபடி அவள் மடியில் போடுகிறார். சுல்தான்கள் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து இங்கேயே பெண்ணெடுத்த வணிகர்களின் வழிவந்தவர்கள் இந்தச் செட்டிகள். பேச்சிலிருந்து தமிழ் எப்போதோ போய்விட்டது, முடிச்சு போகவில்லை.

நம் ஊர்க் கோவில் திருவிழாவில் பண்பாட்டைப் பற்றி ஒருவர் மைக்கைப் பிடித்தால் ஒரு மணி நேரம் விடமாட்டார். பிள்ளைகள் கூடாரத்துக்குப் பின்னால் போனில் இருப்பார்கள். இங்கே மைக் அறிவிப்புக்கு மட்டும்: யாருடைய காரோ லோரிக்கு வழி மறிக்கிறதாம்.

கல்லூரி மாணவிகள் இருவர் பாட்டியைப் படம் எடுக்கிறார்கள். எத்தனை இழை, எந்தப் பூ முதலில் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். முடிந்ததும் பாட்டி தன் போனை நீட்டுகிறார். படத்தை மகனுக்கு வாட்சாப்பில் அனுப்பவேண்டும், எப்படி? இப்போது மாணவிகள் ஆசிரியைகள்.

இங்கிலாந்தில் யூதர்கள் 1980-இல் இப்படித்தான் ஒரு கூடலைத் தொடங்கினார்கள். லிம்முட் என்று பெயர். ஓர் அறையில் பாடம் நடத்தியவர் அடுத்த அறையில் மாணவராக உட்காருவார். அவர்களுடைய பாஸ்கா விருந்திலோ வீட்டின் கடைக்குட்டிதான் கேள்வி கேட்கவேண்டும்: இன்று மட்டும் ஏன் இப்படிச் சாப்பிடுகிறோம்? கேள்வியில்லாமல் சடங்கு நகராது.

அப்படிப்பட்டவர்களுக்கும் ஆள் வேண்டும். பினாங்கு நாகூர் சாலையில் 1929-இல் திறந்த அவர்களுடைய தொழுகைக்கூடம் 1976-இல் மூடப்பட்டது. கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் தேவை. அந்தப் பத்துப் பேர் சேரவில்லை. மிஞ்சியது கல்லறைத் தோட்டம். அது இருக்கும் யூதர் சாலை இன்று ஜைனல் அபிடின் சாலை. கொச்சி யூதர்களிலும் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபோனார்கள். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்தார்கள். பின்னாளில் பாட்டைத் தேடி வந்தவர்களுக்கு அந்த நோட்டுகள்தான் கைகொடுத்தன. மலாக்கா செட்டிகளின் ஊரான இந்தக் கம்போங் செட்டியின் நோட்டு எங்கே இருக்கிறது? முகப்பில் ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. கண்ணாடிக்குள் இருக்கும் பாத்திரம் பதில் சொல்லாது.

மேளம் மாறுகிறது. ரதம் துக்காங் எமாஸ் சாலைக்குப் புறப்படவேண்டும். கோல்ட்ஸ்மித் தெரு என்று வெள்ளைக்காரன் சொன்ன அந்தச் சாலையில், 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோவில் இருக்கிறது. புறப்படும் முன் ரதச் சக்கரத்துக்கு அடியில் ஒருவர் எலுமிச்சம்பழம் வைக்கிறார். ஏழெட்டு வயதுப் பையன் குனிந்து பார்க்கிறான். நல்ல பழம். நசுங்கப்போகிறது.

"நெனெக், கெனாப்பா?" ஏன் என்று கேட்கிறான்.

"டுலு மாச்சாம் இத்து," என்கிறார் பாட்டி. அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான்.

பையனுக்கு இது போதவில்லை. பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் போதவில்லை. இருநூறு வருஷம் தாங்கிய பதில்தான். இந்தப் பையனிடம் அது செல்லாது. அவன் கூட்டத்துக்குள் நுழைந்து பூசாரியின் வேட்டியைப் பிடித்து இழுக்கிறான். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், மலாய் அரைகுறை. கற்பூரத் தட்டை இடது கைக்கு மாற்றுகிறார். கண்ணைக் காட்டுகிறார், கூட்டத்தைக் காட்டுகிறார், சக்கரத்தைக் காட்டுகிறார். இன்னும் இரண்டு பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள். பூ தொடுத்த பேத்தியும் எட்டிப் பார்க்கிறாள். பூசாரி முதலிலிருந்து மறுபடி தொடங்குகிறார்.

வடம் பிடித்தவர்கள் பொறுமையிழந்து, கிளம்பச்சொல்லிக் கத்துகிறார்கள்: "ஜோம்! ஜோம்லா, சாமி!"