புதுப்பேட்டையில் ஒரு கியர் வேட்டை!

வீட்டுல ஒருத்தன் மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிறான்னா அவன் பாடு திண்டாட்டம்தான். மிக்ஸி ஓடலையா, அவனைக் கூப்பிடு. மோட்டார் தண்ணி ஏத்தலையா, அவனைக் கூப்பிடு. 'ஆன்ட்டி, நான் படிக்கிறது தெர்மோடைனமிக்ஸ்'னு சொன்னா யாரு கேக்குறா? அப்படித்தான் எங்க மாமாவோட பிக்கப் வண்டியும் என் தலையில வந்து இறங்குச்சு. ஆனா இது மிக்ஸி மாதிரி சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை பாஸ்.

மாமாவுக்கு ஊர் ஒட்டன்சத்திரம். முருங்கைக்காயும் காய்கறியும் ஏத்திக்கிட்டு பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா பாலக்காடு போய் இறக்கிட்டு வர்றதுதான் அவர் பொழப்பு. வண்டி 2012 மாடல் ஸ்கார்பியோ கெட்அவே. முன்னாடி ஸ்கார்பியோ, பின்னாடி லோடு தொட்டி. கடன் அடைச்சு முடிச்ச மறு வருஷம், பைக்ல போறப்ப ஒரு டிப்பர் லாரி உரசி, மாமாவோட இடது முட்டி நொறுங்கிருச்சு. பிளேட் வெச்சாங்க. இப்ப நடக்குறாரு. படி ஏறுறாரு. ஆனா கிளட்சை மிதிச்சா மட்டும் உயிர் போகுது. டாக்டரும் கையை விரிச்சுட்டாரு. "ஓட்டலாம். ஆனா கிளட்ச் மிதிக்கிற வண்டி வேண்டாம்."

டிரைவர் போட்டு ஓட்டிப் பார்த்தாரு. சம்பளம், பேட்டா, டீசல் எல்லாம் போக மாமா கையில மிஞ்சினது டீசல் வாசனை மட்டும்தான். வண்டியை வித்துரலாம்னு அத்தை சொன்ன அன்னிக்கு ராத்திரி மாமா எனக்குப் போன் பண்ணினாரு. "மாப்ள, இதே வண்டியில கியரை எடுத்துட்டு ஆட்டோமேட்டிக் போட முடியுமாடா?"

"முடியும் மாமா"ன்னு சொல்லிட்டேன். புக்குல படம் பார்த்த தைரியம்!

74 தடவை!

லீவுல ஊருக்குப் போனதும் முதல் வேலையா பாத்ரூம் எடை மெஷினைக் கிளட்ச் பெடல் மேல வெச்சு அமுக்கிப் பார்த்தேன். முள்ளு 12 கிலோ காட்டுச்சு. அப்புறம் டிரைவர் அண்ணன் பக்கத்துல உட்கார்ந்து, மார்க்கெட் வாசல்ல இருந்து மெயின் ரோடு ஏறுற வரைக்கும் எத்தனை தடவை கிளட்ச் மிதிக்கிறார்னு எண்ணினேன். 74! இன்னும் ஊரையே தாண்டலை. பிளேட் வெச்ச முட்டிக்கு இது தண்டனை இல்லாம வேறென்ன?

ஆட்டோமேட்டிக்ல இந்தத் தொல்லையே கிடையாது. கிளட்ச் பிளேட் இருக்கிற இடத்துல டார்க் கன்வர்ட்டர்னு ஒண்ணு உட்கார்ந்திருக்கும். எதிரெதிரா ரெண்டு ஃபேனை வெச்சு ஒண்ணை மட்டும் ஓட விட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்தும் இல்லையா? அதே கதைதான். காத்துக்குப் பதிலா இங்கே ஆயில். வண்டி நின்னாலும் இன்ஜின் ஆஃப் ஆகாது. இடது காலுக்கு வேலையே இல்லை.

இது பணக்காரங்க சொகுசுக்கு வந்ததுன்னு நினைச்சிருந்தேன். அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனி 1940 மாடல் கார்கள்லயே 'ஹைட்ரா-மேட்டிக்'ங்கிற ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைக் கொடுத்துச்சு. இரண்டாம் உலகப் போர்ல கை கால் இழந்து வந்த சிப்பாய்களுக்காக, அதே பெட்டியோட தனி கன்ட்ரோல்கள் வெச்ச கார்களையும் செஞ்சு கொடுத்திருக்காங்க. அதைப் படிச்சதும் மாமா கேட்டதுல தப்பே இல்லைன்னு தோணுச்சு.

நம்ம ஊர்லயும் வழி இருந்துச்சு. 2008-ல ஸ்கார்பியோவுக்கு 6 கியர் ஆட்டோமேட்டிக் வந்தது. மாமா வண்டியில இருக்கிற அதே எம்ஹாக் 2.2 லிட்டர் இன்ஜின். ஒரு பழைய பெட்டி கிடைச்சா போதும். எங்கே கிடைக்கும்? கேட்ட எல்லாரும் ஒரே பேரைத்தான் சொன்னாங்க... புதுப்பேட்டை!

ஷட்டர் திறக்கும் நேரம்

திண்டுக்கல்ல ரயில் ஏறி விடியற்காலை எழும்பூர்ல இறங்கினோம். மாமா கையில ஊன்றுகோல், என் கையில டேப்பும் நோட்டும். ஸ்டேஷன்ல இருந்து புதுப்பேட்டைக்கு ஆட்டோவே வேண்டாம், நடந்தே போயிரலாம். ஆனா மாமா முட்டிக்காக ஆட்டோ பிடிச்சோம். "ஸ்பேர் பார்ட்ஸா? கடை தொறக்கப் பத்து மணி ஆவும் சார்"னு ஆட்டோக்கார அண்ணன் டீக்கடை வாசல்ல இறக்கிவிட்டாரு.

சினிமாவுல பார்த்த புதுப்பேட்டையை மறந்துருங்க. காலை ஏழு மணி புதுப்பேட்டையில இட்லி ஆவியும், ஸ்கூல் போற பசங்களும், குழாயடியில குடமும்தான். ஒரு பக்கம் கூவம் ஓடுது. அந்த வாசனைக்குப் பத்து நிமிஷத்துல மூக்கு பழகிருது. கீழே பார்த்தாதான் எங்க வந்திருக்கோம்னு புரியும். தரையில மண்ணு தெரியாது. வருஷக்கணக்கா குடிச்ச ஆயில்ல தெருவே கறுப்பா, மெத்துன்னு இருக்கு.

பத்து மணிக்கு ஒவ்வொரு ஷட்டரா ஏறுச்சு. அப்பப்பா! கார் கதவுகளை லைப்ரரி புக் மாதிரி செங்குத்தா அடுக்கியிருக்காங்க. ஒரு கடை முழுக்க ஹெட்லைட். ஒரு கடை முழுக்க ஸ்டியரிங். இன்னொருத்தர் சைடு மிரர் மட்டும் விக்கிறாரு, வேற எதுவும் தொடமாட்டாராம். நடு ரோட்டுல ஒரு பையன், என்னைவிடச் சின்னவன்தான், ஒரு மாருதி காரைப் பிரிச்சுக்கிட்டு இருந்தான். நாங்க ரெண்டாவது டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள நாலு கதவு, பானெட், டாஷ்போர்டு எல்லாம் தனித்தனியா கிடக்குது. எங்க லேப்ல ஒரு கார்புரேட்டரைப் பிரிக்க மூணு பீரியட் ஆகும்!

எதுக்கும் இங்கே போர்டு கிடையாது, ஸ்டாக் லிஸ்ட் கிடையாது. கேக்கணும், அவ்வளவுதான். "ஐ-டென் லெப்ட் பேக் டோர்"னு ஒருத்தர் சொல்லி வாய் மூடலை, "சில்வரா, ஒயிட்டா?"ன்னு பதில் வருது.

எங்களுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. முதல் கடையில, "ஸ்கார்பியோ மேனுவல் பெட்டி வோணுமா, நாலு இருக்கு. ஆட்டோமேட்டிக்கா..."ன்னு உதட்டைப் பிதுக்கினாரு. ரெண்டாவது கடைக்காரர் வேற ஏதோ கார் பெட்டியைக் காட்டி, "செட் பண்ணிக்கலாம்பா"ன்னாரு. டேப் வெச்சு அளந்தேன். இன்ஜின்ல மாட்டுற போல்ட் ஓட்டையே ஒத்து வரலை. மூணாவது கடையில, "பாயைப் பாருங்க. அந்த சந்துல கடைசிக் கடை"ன்னு கை காட்டினாங்க.

பாய் கேட்ட கேள்வி

பாய்க்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். வெள்ளைத் தொப்பி, நரைத்த தாடி. சட்டையில ஆயில் படாத இடம் பாக்கெட் மட்டும்தான். விஷயத்தை முழுசாக் கேட்டுட்டு, ஒரு சாக்குப் பீஸை எடுத்து சிமென்ட் தரையில கோடு போட ஆரம்பிச்சாரு.

"தம்பி, பெட்டி கெடைக்கும். இன்னிக்கு இல்லாட்டி அடுத்த மாசம். ஆனா பெட்டி மட்டும் வாங்கினா அது வெறும் இரும்பு. பின்னாடி என்னென்ன வரும் தெரியுமா?"

நான் நோட்டை எடுத்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினது இது:

இன்ஜின் பின்னாடி இருக்கிற கனமான ஃப்ளைவீலைக் கழட்டிட்டு ஃப்ளெக்ஸ் பிளேட்டுங்கிற மெல்லிசு தகடு போடணும். டார்க் கன்வர்ட்டர் அதுலதான் உட்காரும். ஆட்டோமேட்டிக் பெட்டியோட நீளம் வேற. அதனால அதைத் தாங்குற குறுக்குச் சட்டத்தை நகர்த்தணும். பின் ஆக்ஸிலுக்குப் போற ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டை லேத்துல கொடுத்து நீளத்தைச் சரி பண்ணி, பேலன்ஸ் பார்க்கணும். இல்லேன்னா வேகம் எடுக்கும்போது வண்டியே உதறும். பெட்டிக்குள்ள ஓடுற ஆயில் சூடாகும், அதுக்குத் தனி கூலர் வேணும். லோடு வண்டிக்கு இது ரொம்ப முக்கியம். கியர் லீவர் மாறும். 'பி' இல்லேன்னா 'என்'ல இருந்தா மட்டும் ஸ்டார்ட் ஆகிற மாதிரி சுவிட்ச் வேணும். அது இல்லாம, வண்டி 'டி'யில இருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினா, எதிர்ல நிக்கிறவன் கதி?

"இதெல்லாம் இரும்பு வேலை. பண்ணிரலாம்"னு நிறுத்தினாரு பாய். "மூளை வேலை இனிமேதான். இந்தப் பெட்டிக்குத் தனியா ஒரு கம்ப்யூட்டர். அது இன்ஜின் கம்ப்யூட்டரோட பேசணும். ஒன் வண்டி இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஆட்டோமேட்டிக் பாஷையே தெரியாது. அதையும் மாத்தணும். மாத்தினா சாவி ஏத்துக்காது. வயரிங்கையும் மாத்தணும். மொத்தத்துல அடிபட்ட ஆட்டோமேட்டிக் ஸ்கார்பியோ ஒண்ணை முழுசா வாங்கணும். அது வித்ததே கொஞ்சம். அதுல இங்க வர்றது எத்தினி?"

மாமா ஒண்ணும் பேசலை. ஊன்றுகோலால தரையில இருந்த சாக்குப் பீஸ் துண்டை மெதுவாத் தள்ளிக்கிட்டு இருந்தாரு. 'முடியும் மாமா'ன்னு போன்ல சொன்ன என் குரல் எனக்கே கேட்டுச்சு.

அப்பதான் பாய் அந்தக் கேள்வியைக் கேட்டாரு. "ஆமா, கியர் போடுற கை நல்லாத்தானே இருக்கு? கால்தானே பிரச்னை? அப்புறம் எதுக்கு கியர்பாக்ஸை மாத்துறீங்க? கிளட்சை மட்டும் மாத்துங்களேன்!"

எனக்கு யாரோ தலையில குட்டின மாதிரி இருந்துச்சு. ஏன்னா இது எனக்குத் தெரிஞ்ச விஷயம்! 2014-ல செலரியோ கார்ல வந்ததே ஏ.எம்.டி., அது என்ன? அதே மேனுவல் கியர் பெட்டிதான். கிளட்சை அமுக்குறதையும் கியர் மாத்துறதையும் மட்டும் ஒரு மெஷின் பார்த்துக்கும். செமினார்ல இதைப் பத்திப் பேசி கைதட்டல் வாங்கினவன் நான். மாமா 'ஆட்டோமேட்டிக்'னு சொன்னதும் நான் கியர் பெட்டியை யோசிச்சேன். பாய் முட்டியை யோசிச்சாரு.

சந்து முனை வரைக்கும்

பாய் போன் போட்டாரு. கொஞ்ச நேரத்துல சந்துக்குள்ள ஒரு பழைய ஆம்னி வந்துச்சு. ஓட்டிட்டு வந்தவர் பக்கத்துத் தெருவுல பம்பர் வியாபாரம் பண்றவர். சின்ன வயசுல போலியோ வந்து இடது கால் சூம்பிப் போயிருச்சு. கியர் ராடு குமிழ் மேல ஒரு பட்டன். அதை விரலால அமுக்கினா கீழே ஒரு மோட்டார் கிளட்சை இழுக்குது. கியர் மாத்திட்டு விரலை எடுத்தா மெதுவா விட்டுருது. கியர் பெட்டியில ஒரு போல்ட்டைக்கூடத் தொடலை.

"உக்காருங்க சார்"னு அவர் இறங்கி சாவியை மாமா கையில கொடுத்தாரு.

ஏழு மாசம் கழிச்சு மாமா டிரைவர் சீட்டுல உட்காருறாரு. நான் பக்கத்து சீட்டு. முதல் தடவை வண்டி குலுங்கி ஆஃப் ஆயிருச்சு. ரெண்டாவது தடவையும்! பழக்க தோஷத்துல இடது கால் தானா கிளட்சைத் தேடிப் போகுது. "கால மறந்துருங்க, விரலை நெனைங்க"ன்னு ஜன்னல் வழியா பம்பர்க்காரர் குரல். மூணாவது தடவை வண்டி நகர்ந்துச்சு. ஃபர்ஸ்ட், செகண்ட்... சந்து முனை வரைக்கும் போனோம். அதுக்கு மேல போக முடியலை. ரோடு முழுக்க யாரோ கதவுகளைப் பரப்பி வெச்சிருந்தாங்க. மாமா ஹாரனே அடிக்கலை. வழி கிடைக்கிற வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு சும்மா உட்கார்ந்திருந்தாரு. அவ்வளவு பொறுமையா அவரை நான் பார்த்ததே இல்லை.

திரும்பி வந்ததும் பாய்கிட்ட எவ்வளவு தரணும்னு கேட்டோம். "நான் என்ன வித்தேன், காசு வாங்க?"ன்னு டீ சொன்னாரு. கிளம்பும்போது ஒரு கண்டிஷனும் போட்டாரு. "மஞ்ச போர்டு வண்டி. ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதி வாங்காம ஒரு ஸ்க்ரூகூட முடுக்காதீங்க."

அவர் சொன்னது சும்மா இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு வண்டியில மாற்றம் செய்யறதைப் பத்தினது. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லியிருக்கு. உடல் குறை உள்ளவங்களுக்காக வண்டியை மாத்தறதுக்குத் தனி வழி இருக்கு, ஆனா முறைப்படி போகணும். மாமா வண்டிக்கு எட்டு வயசு தாண்டியாச்சு, அதனால வருஷா வருஷம் எஃப்.சி. காட்டணும். திருட்டுத்தனமா மாட்டினா அங்கே மாட்டிக்குவோம். அதுக்கு முன்னாடி ரோட்டுல ஏதாவது ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரங்க முதல்ல கேக்கிற கேள்வியே அதுவாத்தான் இருக்கும்.

டாக்டர் சர்டிஃபிகேட்டோட மனு கொடுத்திருக்கோம். பதில் இன்னும் வரலை. வண்டியை விக்கிற பேச்சை அத்தை இப்போதைக்கு எடுக்கிறதில்லை. மாமா தினமும் காலையில வண்டியில ஏறி உட்கார்ந்து, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம, இடது காலை மடக்கி வெச்சுக்கிட்டு, கியர் குமிழை மட்டும் கட்டை விரலால அமுக்கி அமுக்கிப் பழகுறாராம். அதுல இன்னும் பட்டனே வெக்கலை!

புதுப்பேட்டை போறீங்களா?

* எழும்பூர் ஸ்டேஷன்ல இருந்து நடக்கிற தூரம்தான். பத்து மணிக்கு முன்னாடி போனா டீ மட்டும்தான் கிடைக்கும்.

* பழைய பார்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போங்க. முடியலையா, போட்டோவும் அளவும் எடுத்துக்குங்க. 'செட் ஆயிரும்'ங்கிற வார்த்தையை நம்பாதீங்க, டேப்பை நம்புங்க.

* பில் கேளுங்க. இன்ஜின், கியர் பெட்டி மாதிரி பெரிய பொருள்னா எந்த வண்டியில இருந்து வந்ததுன்னு பேப்பரையும் கேளுங்க. திருட்டு வண்டிப் பொருளா இருந்தா அலையப் போறது நீங்கதான்.

* செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்குங்க. வெள்ளை பேன்ட் போட்டுட்டுப் போனா, அது உங்க தலையெழுத்து!

* முக்கியமா, என்ன பார்ட் வேணும்னு சொல்றதுக்கு முன்னாடி என்ன பிரச்னைன்னு சொல்லுங்க. அங்கே இருக்கிறவங்களுக்கு நம்ம சிலபஸ் தெரியாது. ஆனா நம்ம கேள்வியே தப்புன்னு கண்டுபிடிக்கத் தெரியும்.