கயித்தை எப்ப விடணும்?

மாமா அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்குப் போனவர், அங்க கூடுற குதிரைச் சந்தையில ஒரு பெட்டைக் குட்டியைப் புடிச்சுக்கிட்டு வந்துட்டார். வயசு ஒன்றரை. காது நுனி ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு ஒண்ணோட ஒண்ணு முட்டுற மாதிரி நிக்கும். கத்தியவாரி குதிரைங்களோட அழகே அதுதான். பாக்க அம்சமா இருந்துச்சு. என்ன, கயித்தைப் புடிச்சா ஒரு அடி நகராது.

"நீ பழக்கி வை மாப்ளே"ன்னு மாமா சொல்லிட்டார். எத்தனை மாடு புடிச்சுக் கட்டியிருக்கோம், குதிரை என்ன பெரிய குதிரைன்னு நானும் இறங்கிட்டேன் :-)

இழுத்தேன். வரல. பலமா இழுத்தேன். அது அதைவிட பலமா பின்னால இழுத்துச்சு. என்னை மாதிரி மூணு பேர் எடை இருக்கும் அது. நான் கயித்தைக் கையில ஒரு சுத்து சுத்திக்கிட்டு (யாரும் இந்தத் தப்பைப் பண்ணாதீங்க) இழுக்க, முன்னங்காலைத் தூக்கி நின்னுருச்சு. உள்ளங்கைத் தோல் உரிஞ்சதுதான் மிச்சம். வலியில கயித்தை விட்டுட்டேன். ரெண்டு நாள் இதே கதை. ரெண்டாம் நாள் சாயங்காலம் கோவத்துல கயித்து நுனியால நாலு விளாசு விளாசிட்டேன்.

மறுநாள் காலையில கொட்டாய்க்குள்ள போனதும் என்னைப் பாத்து மூலையில ஒண்டிக்கிச்சு. உடம்பு நடுங்குச்சு. கை எரிச்சலைவிட அதுதான் தாங்க முடியல.

"இது ஆகறதில்ல, வித்துரலாம்"னார் மாமா. அடிச்சதை நான் சொல்லல.

பக்கத்து ஊர்ல ஜட்கா வண்டி ஓட்டின பாய் ஒருத்தர் இருக்கார். அவரைக் கூட்டிட்டு வந்து நடந்ததைச் சொன்னேன். சிரிச்சார்.

"தம்பி, நீங்க நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. காலைத் தூக்குனா கயிறு போயிரும்னு அது கத்துக்கிச்சே!"

எனக்குப் பொட்டுல அடிச்ச மாதிரி இருந்துச்சு.

அவர் கயித்தை லேசா விறைப்பா மட்டும் புடிச்சார். நேர் முன்னாடி நிக்காம, தோள்பட்டைக்குப் பக்கமா நின்னார். குதிரைக்குக் கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல. நெத்திக்கு நேரா ஒட்டி நின்னா அதுக்குத் தெரியாது. இழுக்கவும் இல்ல, விடவும் இல்ல. ஒரு நிமிஷம் போல ஆச்சு. குட்டி லேசா முன்பக்கம் சாஞ்சுது. கால்கூட எடுத்து வைக்கல. அந்த நொடியே கயித்தைத் தளர விட்டுட்டார்.

"வந்தப்புறம் விடறது இல்ல தம்பி. வரணும்னு நெனச்சதுமே விடணும்."

சூட்சுமம் அவ்வளவுதான். இழுக்கறதுல குதிரை எதையும் கத்துக்கறதில்ல. எப்ப தொந்தரவு நிக்குதோ, அதுக்கு முந்தின நொடி தான் செஞ்சதைத்தான் ஞாபகம் வச்சுக்குது. நாம விடற நேரம் தப்புன்னா பாடமும் தப்பு.

ஜெர்மனியில ஹான்ஸ்னு ஒரு குதிரை 1904 வாக்குல ரொம்பப் பிரபலம். கணக்குக்குக் காலைத் தட்டி விடை சொல்லும். அதுக்குக் கணக்குத் தெரியாது, கேக்கறவரோட தலை மயிரிழை அசையறதைப் பாத்துத்தான் தட்டறதை நிறுத்துதுன்னு ஃபுங்ஸ்ட்னு ஒருத்தர் கண்டுபிடிச்சார். அதையே பாக்கற ஜென்மத்துக்கு என் தோள்ல ஏறியிருந்த கோவம் தெரியாமலா இருந்திருக்கும்?

அப்புறம் தினம் பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். ஒரு அடி முன்னால. மார்புல விரலை வச்சா ஒரு அடி பின்னால. சரியா செஞ்சதும் விரலை எடுத்துரணும். நல்லா செஞ்ச இடத்துலயே அன்னைக்குப் பாடத்தை முடிச்சுக்கணும். மேல ஏறி உக்கார்ற பேச்சே இப்ப கிடையாது. முதுகெலும்பு முத்தறதுக்கு இன்னும் வருஷங்கள் ஆகும்.

மூணாவது வாரம் கயிறு தொய்ஞ்சு தொங்க, கிணத்தடி வரைக்கும் என் தோளோட ஒட்டியே நடந்து வந்துச்சு. பாத்துக்கிட்டிருந்த மாமாவுக்கு வாயெல்லாம் பல்லு. அப்பதான் அடிச்சதைச் சொன்னேன்.

அவர் ஒண்ணும் பேசல. கயித்தை மட்டும் என் கையிலேர்ந்து வாங்கிக்கிட்டார். அடுத்த நாள் காலையில திரும்பக் குடுத்தார்.

இன்னைக்கும் நான் கையைச் சட்டுன்னு தூக்குனா அது தலையை ஒதுக்கிக்குது. அந்தப் பாடமும் நான் சொல்லிக் குடுத்ததுதான்.