வாப்பாட வாட்ச்: எது ஒரிஜினல், எது மாற்றினது?

 

கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் வாப்பா மௌத்தாகி மூன்று வருடமாகிறது. அவர் விட்டுப்போனதில் விலைபோகக்கூடிய சாமான் ஒன்றே ஒன்றுதான். ஒரு சீக்கோ டைவர் வாட்ச். 150 மீட்டர் ஆழம் வரை தண்ணீர் தாங்கும் என்று டயலில் எழுதியிருக்கும். வாப்பாவுக்கு நீந்தவே தெரியாது. ஹட்டனில் அது பார்த்த தண்ணீரெல்லாம் மழையும் வுழூ செய்த தண்ணீரும்தான்.

1977இல் நாட்டில் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு நம்மூரிலிருந்தும் பலர் மத்திய கிழக்குக்குப் போனார்கள். வாப்பா 1981இல் ஜித்தாவுக்கு ட்ரைவர் வேலைக்குப் போனவர். பலத் கடைத்தெருவில் முதல் சம்பளத்தில் வாங்கியதாகச் சொல்லுவார். நாங்கள் ஆசிரியர் கலாசாலையில் படிக்கும்போது, பரீட்சை நாட்களில் அதைக் கழற்றித் தந்துவிட்டு, அவர் வெறும் கையோடு பஸ் ஏறிய காலமும் உண்டு.

இந்த வருடம் உம்மாவின் முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பணம் தேவைப்பட்டது. தம்பி வாட்சின் போட்டோவைக் கொழும்பில் பழைய வாட்ச் சேர்க்கும் ஒருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினான். அடுத்த நாளே கோல் வந்தது. "சேர், எல்லாம் ஒரிஜினல் பாட்ஸ் என்டா ஒரு இலட்சத்து இருபதாயிரம் தாரன்."

ஒரிஜினலா என்று எங்களுக்கே தெரியாது. அதனால் தேடிப் படித்தோம், தெரிந்தவர்களிடம் கேட்டோம். கற்றுக்கொண்டது இதுதான்.

முதலில் பின்மூடி. எங்களுடையதில் 6309-7040 என்று மொடல் இலக்கம் இருந்தது. கூடவே ஆறு இலக்கத் தொடர் எண். அதில் முதல் இலக்கம் வருடம், இரண்டாவது மாதம். நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி' என்று எழுத்து வரும். இந்த மொடல் 1976 முதல் 1988 வரை வெளிவந்தது. 7 என்று தொடங்கினால் 1977ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். எங்களுடையது 05 என்று தொடங்கியது. அப்படியென்றால் 1980 மே மாதம், வேறு கணக்கே இல்லை. அடுத்த வருடம் ஜித்தாவில் வாங்கியதாக வாப்பா சொன்னது பொருந்தியது. கிழமை காட்டும் தட்டில் ஆங்கிலமும் அரபியும் இருந்தன. அதுவும் பொருந்தியது.

அடுத்து டயல். 6 மணிக்குக் கீழே, ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிற சின்ன எழுத்தில் 6309 என்று தொடங்கும் ஒரு இலக்கம் இருக்க வேண்டும். எங்கள் டயலில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. எழுத்துகளும் கொஞ்சம் தடிப்பு.

அன்றிரவு லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தோம். நாற்பது வருடப் பழைய ஒளிப்பூச்சு மங்கிச் செத்திருக்க வேண்டும். டயலிலும் முட்களிலும் ஒரே மாதிரிப் பழுப்பேறியிருக்க வேண்டும். எங்கள் வாட்சோ சுபஹு வரை பச்சையாய் எரிந்தது. பிள்ளைகளுக்குச் சந்தோஷம். எங்களுக்கு மனசு விழுந்துவிட்டது.

பிறகு டவுனில் ஒரு வாட்ச் திருத்துபவரிடம் கொண்டுபோய்த் திறந்து பார்த்தோம். உள்ளே மெஷினில் 6309ஏ, 17 கல். அது ஒரிஜினல். பின்மூடியின் உட்பக்கத்தில் ஊசியால் கீறியது போல 12.6.94 என்று ஒரு திகதி. திருத்துகிறவர்கள் அப்படிக் குறித்து வைப்பது வழக்கமாம். உம்மாவிடம் கேட்டதும் சொன்னார்: "அந்த வருஷம் ஜூன் மழைக்குள்ள தண்ணி போய் முகமெல்லாம் கறுத்துப் போச்சு. வாப்பா மாத்தித்தான் போட்டார்." ரப்பர் வளையம் காய்ந்துபோனால் 150 மீட்டர் என்பது வெறும் எழுத்துத்தான்.

வகுப்பில் நாங்கள் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1961இல் ஆர்தர் சி. கிளார்க்கின் சகா மைக் வில்சன், தெற்கே கிரேட் பாசஸ் பாறையருகே மூழ்கிய கப்பலொன்றில் வெள்ளிக் காசுகளைக் கண்டெடுத்தார். ஔரங்கசீப் காலத்து சூரத் காசுகள். எல்லாவற்றிலும் ஒரே ஹிஜ்ரி வருடம், 1113. எல்லாம் ஒன்றையே சொன்னதால் கப்பல் எந்தக் காலத்தது என்று தெரிந்தது. வாட்சும் அப்படித்தான். ஒரு எழுத்தை மட்டும் நம்பக்கூடாது. பின்மூடி, டயல், முள், மெஷின் எல்லாம் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

வீட்டில் வாக்குவாதம் வந்தது. "போட்டோவப் பாத்துத்தானே விலை சொன்னார், நாங்க பொய் சொல்லலியே" என்றான் தம்பி. அவன் கெட்டவன் இல்லை. உம்மாவின் கால் அவனுக்கும் வலித்தது. ஆனால் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்களுக்கு உள்ளே ஈரம் தட்டுப்பட்ட ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். அந்த வியாபாரி சொன்ன காரணமும் மழைதான். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்கப்பட்டது. எங்களுடையதும் மழை நனைத்த சாமான்.

உள்ளதை உள்ளபடி சொன்னோம். விலை அறுபத்தையாயிரத்துக்கு இறங்கியது. "ஒரிஜினல் டயல் தேடிப் போட்டுத் தாங்க, கூட்டித் தாரன்" என்றும் சொன்னார். அப்படியும் செய்யலாம், தப்பில்லை. ஆனால் அது சீக்கோவின் டயலாக இருக்கும், இந்த வாட்சின் டயலாக இருக்காது. அதையும் சொல்லித்தான் விற்க வேண்டும். நாங்கள் அந்த வேலைக்குப் போகவில்லை.

அறுபத்தையாயிரத்துக்கே கொடுத்தோம். கூடவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம்: கேஸ், மெஷின், கிழமைத் தட்டு ஒரிஜினல்; டயலும் முட்களும் 1994இல் மாற்றியவை. மீதிப் பணத்துக்குச் சீட்டு எடுத்தோம். ஒப்பரேஷன் முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். உம்மா இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறார்.

கடைசியாக உங்களுக்கு. பழைய வாட்ச் இருந்தால் பொலிஷ் போடக் கொடுக்காதீர்கள், பழைய பாட்ஸை எறியாதீர்கள். வீட்டிலேயே கத்தியால் மூடியைக் கிளப்பாதீர்கள். வீடு வீடாக வந்து "ஓடாத வாட்ச் இருக்கா" என்று கேட்பவர்களுக்கு, பின்மூடி இலக்கத்தைப் பார்க்காமல் ஆயிரம் இரண்டாயிரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். விற்பதென்றால், மாற்றியதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

வாப்பாவுக்காக துஆச் செய்யுங்கள். வஸ்ஸலாம்.