கண்மணிக்குள் நகரும் கோடு

கண் முகாமில் முதல் வேலை இருட்டைத் தயார் செய்வது. திருவண்ணாமலை மாட வீதிக்குப் பின்புறம் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில், ஒரு வகுப்பறையின் ஜன்னல்களுக்கு மட்டும் கறுப்புத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கில் பழைய போர்வை ஒன்றைச் செருகினார்கள். மற்ற அறைகளில் வெளிச்சம் வேண்டும்: பெயர் எழுத, எழுத்துப் பலகை வாசிக்கவைக்க, ரத்த அழுத்தம் பார்க்க. இந்த ஒரு அறைக்குள் மட்டும் வெயில் நுழையக் கூடாது. ஏழு மணிக்கே தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்கள் வராந்தாவை நிறைத்துவிட்டார்கள். பூக்கட்டும் பெண்கள், ஆரணியிலிருந்து வந்த பட்டு நெசவாளர்கள், கிரிவலப் பாதையில் தங்கியிருக்கும் காவிக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள்.

நான் போனது ஒரு கருவியைப் பார்க்க, அதைவிட அதைப் பிடிக்கும் கைகளைப் பார்க்க. கண்ணின் பவரைக் கணிக்கும் ரெட்டினாஸ்கோப். முகாமில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ‘ஸ்கோப்’ என்றால் போதும். ஒரு கைக்குள் அடங்கிவிடும். பிடிக்குள் பேட்டரி, தலைப்பகுதியில் சின்ன பல்ப். பல்பின் ஒளி ஒரு மெல்லிய கோடாகி, சாய்வாக வைத்த கண்ணாடியில் பட்டு, எதிரே உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்குள் போகிறது. அந்தக் கண்ணாடியின் நடுவே ஒரு துவாரம். அதன் வழியாகத்தான் பரிசோதகர் பார்க்கிறார். பிடியில் உள்ள வளையத்தைச் சுழற்றினால் கோடு நிற்கும், படுக்கும், சாயும். மேலும் கீழும் நகர்த்தினால் தடிக்கும், மெலியும்.

அறையின் பொறுப்பில் இருந்தவர் மூத்த கண் மருத்துவ உதவியாளர். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு முக்காலியில் ஓர் இளம்பெண். பிளஸ் டூ முடித்துப் பயிற்சி பெற்று வந்தவர், நோயாளிகள் ‘சிஸ்டர்’ என்று அழைத்தார்கள். என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்து, தோளுக்கு மேலாகப் பார்க்கச் சொன்னார் மூத்தவர். அங்கிருந்து எனக்கு எதுவும் தெரியவில்லை. நோயாளியின் கண்ணிலிருந்து திரும்பும் ஒளி, துவாரத்தில் கண் வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும்.

“நீங்களே பாருங்க சார்” என்று ஸ்கோப்பைக் கொடுத்தார்.

எதிரே ஒரு நெசவாளர் தூரத்து எழுத்துப் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கோட்டை அவர் முகத்தின் குறுக்கே மெதுவாக நகர்த்தினேன். வெளிச்சம் கண்மணியைத் தொட்டதும் கறுப்பாக இருந்த வட்டத்துக்குள் செம்மஞ்சள் தழல் ஒன்று எழுந்தது. இரவில் ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண் சிவப்பாகத் தெரிவதும் இதே ஒளிதான். விழித்திரையிலும் அதன் பின்னாலுள்ள ரத்தக்குழாய்ப் படலத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி. நான் கோட்டை வலப்பக்கம் நகர்த்த, தழலும் வலப்பக்கம் நகர்ந்தது.

“கூடவே வருதா? அப்போ பெரும்பாலும் பிளஸ். எதிர்த்துப் போனா மைனஸ்” என்றார் மூத்தவர்.

மற்றதெல்லாம் கணக்கு. சோதனைச் சட்டத்தில் லென்ஸ் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரு கட்டத்தில் தழல் எந்தப் பக்கமும் நகராமல், கண்மணி முழுவதும் ஒரே நேரத்தில் ஒளிரும், ஒரே நேரத்தில் அணையும். அப்போது சட்டத்தில் இருக்கும் லென்ஸின் பவரிலிருந்து 1.50 கழிக்க வேண்டும். பரிசோதகர் 66 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பதால் வரும் கழிவு அது. அரை மீட்டரில் உட்கார்ந்தால் 2 கழிக்க வேண்டும். ஆகவே கையை நீட்டி அந்தத் தூரத்தை அளந்து உட்காருவது முதல் பாடம். முதுகு குனிந்து தலை கொஞ்சம் முன்னால் போனாலும் பவர் தப்பாகிவிடும்.

சிலிண்டர் பவர், அதாவது திசைக்குத் திசை மாறும் பவர், உள்ள கண்ணில்தான் கையின் தேர்ச்சி தெரிகிறது. சிஸ்டர் ஒரு பூக்காரப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தின் மேலும் கன்னத்தின் மேலும் விழுந்த கோடு நேராக நின்றது. கண்மணிக்குள் இருந்த கோடு மட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது என்றார். வளையத்தை மயிரிழை மயிரிழையாகச் சுழற்றினார். வெளிக்கோடும் உள்கோடும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் நிறுத்தி, சிலிண்டரின் கோணத்தை, அதாவது ஆக்சிஸை, சொன்னார். எழுதிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இதைத்தான் நான் இந்தக் கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன். கண்ணாடிக் கடையில் நம்மை உட்காரவைத்து “இது தெளிவா, அது தெளிவா” என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்தவருக்கு அது போதும். எழுத்து தெரியாத கிழவி, பேச்சு வராத பிள்ளை, பயந்து வாயடைத்துப்போன மலைகிராமத்துச் சிறுவன், ஒரு வயதுக் குழந்தை இவர்கள் எங்கே போவார்கள்? கண் கொடுக்கும் சாட்சியை வாய்வழியாக இல்லாமல் நேராக வாங்கத் தெரிந்தவர்கள் இந்த இருட்டறையில் இருக்கிறார்கள். 2019இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் பார்வை குறித்த முதல் உலக அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு உண்டு என்றும், அவர்களில் 100 கோடிப் பேருக்கேனும் அதைத் தடுத்திருக்கலாம் அல்லது இனியும் சரிசெய்யலாம் என்றும் சொல்கிறது. அதில் பெரும்பகுதிக்குக் கண்ணாடியே தீர்வு. சரியான கண்ணாடி.

அன்று அப்படி ஒரு சிறுவன் வந்தான். ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர், வயது ஆறு. பலகையைப் பார்த்து வாசிக்க மாட்டேன் என்கிறான், புத்தகத்தைத் தொட்டாலே தலைவலி என்கிறான், படிப்பு வராது என்று சொல்லிவிட்டார்கள் என்றார் அம்மா. வேறோர் இடத்தில் பவர் பார்க்கும் மெஷினில் காட்டியிருந்தார்கள். தாடையை வைத்துப் பார்த்ததும் அது அச்சடித்துத் தந்த துண்டுச் சீட்டைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். லேசான மைனஸ் என்றது சீட்டு.

மூத்தவர் சீட்டைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு சொட்டு மருந்து விடச் சொன்னார். பிள்ளைகளின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மிக இளகியது. மெஷினுக்குள் எட்டிப் பார்க்கும்போது, கிட்டத்தில் ஏதோ இருக்கிறது என்று எண்ணி அது தானாகக் குவிந்துகொள்ளும். இருக்கும் பிளஸ் அதற்குள் ஒளிந்துவிடும், மைனஸாகக்கூடக் காட்டும். லென்ஸைக் குவியவைக்கும் தசையைக் கொஞ்ச நேரம் தளரவைக்கத்தான் மருந்து. முக்கால் மணி நேரம் கழித்து, அகன்ற கண்மணியோடு பையனை அம்மாவின் மடியில் உட்காரவைத்தார்கள்.

“தம்பி, அங்க லைட்டு எரியுதே, அதை மட்டும் பாத்துனு இரு.”

ஒரு லென்ஸ், இன்னொன்று, இன்னொன்று. தழல் ஒவ்வொரு முறையும் கோட்டின் கூடவே நகர்ந்தது. பிளஸ் 5.50 போட்ட பிறகுதான் நின்றது. ஒன்றரை கழித்தால் பிளஸ் 4. இரண்டு கண்ணிலும். மைனஸ் கண்ணாடி போட்டிருந்தால் பிள்ளையின் பாடு இன்னும் மோசமாகியிருக்கும். எவ்வளவு பவர் எழுதிக் கொடுப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். அம்மாவுக்கு மூத்தவர் சொன்னது ஒன்றே: “படிப்பு வராத புள்ள இல்லம்மா இவன். கிட்டத்துல பாக்கறதுக்கு இவ்வளவு நாளா முட்டினு இருந்திருக்கான்.” அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

கண்ணுக்குள் பார்க்க முடியும் என்பதே மனிதகுலத்துக்கு அண்மையில் கிடைத்த வரம். தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி 1832இல் இறந்தார். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், வரைந்த கண் படங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஓவியர் எவ்வளவு கைதேர்ந்தவரானாலும் வரைய முடிந்தது கண்ணின் முன்புறத்தை மட்டும்தான். சென்னையில் 1819இல் தொடங்கிய, இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனையிலும் முதல் முப்பது ஆண்டுகள் அதே நிலைதான். கண்மணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது? உள்ளே போன வெளிச்சம் வந்த வழியே விளக்குக்குத் திரும்புகிறது. அந்த வழியில் நம் தலையை வைத்தால் விளக்கை நாமே மறைத்துவிடுகிறோம். இந்தச் சிக்கலை அவிழ்த்தவர் கோனிக்ஸ்பெர்க் நகரில் உடலியல் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். சாய்த்து வைத்த கண்ணாடித் தகடுகளால் ஒளியைக் கண்ணுக்குள் திருப்பி, அவற்றின் ஊடாகவே பார்த்தார். 1851இல் அதை வெளியிட்டார். அதுதான் ஆப்தால்மாஸ்கோப். லென்ஸ்களைச் சுழலும் தட்டில் பதித்துக் கொடுத்தவர் அவருடைய கருவித் தொழிலாளி எக்பர்ட் ரெக்கோஸ். மருத்துவர் கையில் இருக்கும் ஆப்தால்மாஸ்கோப்பில் விரலால் திருகும் சக்கரத்துக்கு இன்றும் ரெக்கோஸ் தட்டு என்றே பெயர். ஒரு பட்டறைக்காரரின் பெயர் கருவியில் நிலைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ரெட்டினாஸ்கோப் வழி தனி: 1873இல் பிரான்சில் ராணுவ மருத்துவர் குய்ஞே இந்த நிழலாட்டத்தைக் கவனித்துப் பவர் கணிக்கப் பயன்படுத்தினார். 1920களில் அமெரிக்காவின் ஜாக் கோப்லண்ட், புள்ளி வெளிச்சத்துக்குப் பதில் கோட்டைக் கொண்டுவந்தார்.

தமிழ்நாட்டில் இந்தக் கலை கிராமத்துப் பெண்களின் கைக்கு வந்ததற்கு ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை செய்தவர் அவர். மருத்துவர் செய்யத் தேவையில்லாத ஒவ்வொரு வேலையையும், பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுத்து ஒப்படைக்கும் முறை அங்கே வேரூன்றியது. ஸ்கோப் பிடிப்பதும் அந்த வேலைகளில் ஒன்று. அறுவை செய்த மருத்துவரின் பெயர் நோயாளிக்கு நினைவிருக்கும். பவர் கணித்த பெண்ணின் பெயரை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பிற்பகலில் ஓர் ஆயா வந்தார். ஊருக்குள்ளேயே வசிப்பவர். மலைமேல் தீபம் பதினோரு நாள் எரிகிற ஊரில் கண்ணைச் சோதிக்க வேறு பலகை வேண்டாம்.

“தீபம் ஒண்ணு எரியுது, எனக்கு ரெண்டு மூணா தெரியுதுப்பா. எதிர்ல வண்டி லைட்டு அடிச்சா ஒரேடியா கூசுது.”

சிஸ்டர் ஸ்கோப்பைப் பிடித்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நெசவாளரின் கண்ணில் பளிச்சென்று எழுந்த தழல் இங்கே மங்கிக் கிடந்தது. ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கறுப்புக் கீற்றுகள். புரை. பவர் பார்க்கும் கருவி, ஆயா அந்த அறையை விட்டு வெளியேறும் முன்பே நோயையும் சொல்லிவிட்டது. மருத்துவர் ஆப்தால்மாஸ்கோப்போடு ஆயாவின் கன்னத்தோடு கன்னம் உரசும் அளவுக்கு நெருங்கி, வலக்கண்ணை வலக்கண்ணாலும் இடக்கண்ணை இடக்கண்ணாலும் பார்த்தார். தெளிவான கண்ணில் நரம்பும் ரத்தக்குழாயும் பதினைந்து மடங்கு பெரிதாகத் தெரியும். கீறாமல் அறுக்காமல் ரத்தக்குழாயை நேரில் பார்க்கக்கூடிய அபூர்வமான இடம் அது. ஆயாவின் கண்ணில் புரை வழிவிடவில்லை. அறுவைக்கு எழுதினார்கள்.

ஆபரேஷன் என்றதும் ஆயா பயந்தார். மூத்தவர் கிளி கோபுரத்துக் கதையைத் தொடங்கினார். பிரபுடதேவ மன்னனின் பார்வையை மீட்கப் பாரிஜாத மலர் தேடி, அருணகிரிநாதர் தம் உடலைக் கோபுரத்தில் விட்டுக் கிளியுடம்பில் புகுந்து வானுலகம் போனார் என்பது இவ்வூர்க் கதை. திரும்புவதற்குள் உடலை எரித்துவிட்டார்கள், அவர் கிளியாகவே நின்றுவிட்டார். “ராஜாவுக்கு அவ்ளோ தூரம் போக வேண்டியிருந்துச்சு. உனக்கு பஸ்சு ஏறினா போதும் ஆயா” என்றார். ஆயா தலையாட்டி, தேதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

முகாம் முடியும் தறுவாயில் சிஸ்டரின் ஸ்கோப் மங்கியது. மூத்தவர் பிடியைத் திருகிக் கழற்றினார். பேட்டரி கசிந்து சுருள்கம்பியில் பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, பஞ்சால் துடைத்து மாட்டினார். எரிந்தது. ஆனால் பல்பின் நுனி கறுத்திருந்தது, மாற்றியாக வேண்டும். கையில் மாற்று பல்ப் இல்லை. பல சுகாதார நிலையங்களில் ஸ்கோப் மேஜை டிராயருக்குள் தூங்குவதற்குக் காரணம் பழுதல்ல, ஒரு பல்ப் வாங்காததுதான் என்றார். மெஷின் வந்த பிறகு பல்ப் கேட்டு எழுதுபவர்களும் குறைந்துவிட்டார்களாம்.

மெஷினை நான் குறை சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பேர் வரிசையில் நிற்கும்போது பெரியவர்களுக்கு அது நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அவரும் அதையே சொன்னார். அவர் கோபம் வேறு இடத்தில். புதிதாகச் சேரும் பிள்ளைகள் சீட்டைப் பார்த்து எழுதப் பழகிவிடுகிறார்கள், ஸ்கோப்பில் ஆயிரம் கண் பார்த்தால்தான் கை வரும், அந்த ஆயிரத்துக்கு யாரும் நேரம் ஒதுக்குவதில்லை என்றார். தன்னிடம் புதிதாகப் பயிற்சிக்கு வந்திருக்கும் இரண்டு பெண்களுக்கு முதல் மூன்று மாதம் மெஷின் பக்கம் போகத் தடை போட்டிருக்கிறார். ஸ்கோப்பில் பார்த்துத் தாளில் பவரை எழுதிக் கொடுக்க வேண்டும், பிறகு அவர் பார்த்துச் சரிபார்ப்பார். கால் பவருக்கு மேல் வித்தியாசம் வந்தால் திரும்பவும் முதலிலிருந்து.