கொங்கு நாட்டுச் சாரதிகள்

கோயமுத்தூருக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோர் கோயமுத்தூரைப் பார்க்க வருவதில்லை. ரயிலிலிருந்தோ விமானத்திலிருந்தோ இறங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஊட்டிக்கு எப்படிப் போவது?" என்பதுதான். இதில் ஊர்க்காரர்களுக்கு வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. வடக்கே நீலகிரி, மேற்கே வெள்ளியங்கிரி, தெற்கே ஆனைமலை என்று மூன்று பக்கமும் மலையை வைத்துக்கொண்டு, விருந்தாளியைக் கடைத்தெருவிலேயே நிறுத்தி வைப்பது நியாயமாகுமா? விடியற்காலையில் புறப்பட்டால், பொழுது சாய்வதற்குள் ஏதேனும் ஒரு மலையைக் கண்டு திரும்பி விடலாம். பஸ்களுக்குக் குறைவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ஓடத் தொடங்கிய மலை ரயிலும் இருக்கிறது. ஆயினும் எழுபது வயதைத் தாண்டிய தாயாரும், ஓரிடத்தில் நில்லாத இரண்டு குழந்தைகளும், எதற்கும் ஓர் ஆட்சேபம் சொல்லும் மைத்துனரும் உடன் வரும்போது, நாள் வாடகைக்கு ஒரு காரை அமர்த்திக்கொள்வதைத் தவிர நமக்கு வேறு கதியிருக்கவில்லை.

வண்டி அமர்த்துகிறோம் என்று சொல்கிறோமே, உண்மையில் நாம் அமர்த்துவது வண்டியை அல்ல. அர்ஜுனனுக்குத் தேர் ஏற்கெனவே இருந்தது. அவன் துவாரகைக்குப் போய்க் கேட்டது தேரோட்டியைத்தான். இந்த விஷயத்தில் அவனுக்கிருந்த புத்தி நம்மவர்களுக்கு இருப்பதில்லை. காரில் குளிர்சாதனம் உண்டா, பாட்டுப் பெட்டி உண்டா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். ஓட்டுகிறவர் எத்தனை வருஷமாக மலையில் ஓட்டுகிறார், நேற்று இரவு எங்கே இருந்தார் என்று ஒரு கேள்வி கேட்பதில்லை.

மோட்டார் என்பது இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. கோயமுத்தூர் ஹோட்டலொன்றில் பரிமாறும் வேலை பார்த்திருந்த ஜி. டி. நாயுடு, 1920-ஆம் ஆண்டில் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு பஸ்ஸிலிருந்து பெரியதொரு போக்குவரத்து ஸ்தாபனம் வளர்ந்தது. அந்நிய ஆட்சியில், அந்நிய யந்திரத்தைப் பிரித்துப் பார்த்து அதன் சூக்ஷ்மத்தைக் கற்றுக்கொண்ட தலைமுறை அது. இன்றும் இவ்வூர் டிரைவர்கள் எஞ்சினின் ஓசையில் சிறு பேதம் கேட்டால் உடனே வண்டியை ஓரங்கட்டி முன்மூடியைத் திறந்து விடுகிறார்கள்.

வாடகை பேசும் முறையைச் சற்றுத் தெரிந்துகொள்வது நலம். கரீபியன் தீவுகள் பலவற்றில் டாக்ஸிகளுக்கு மீட்டர் கிடையாது. கப்பலிலிருந்து இறங்கும் பிரயாணிகள் ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடித்துக் கொள்வார்கள். (அத்தீவுகளில் குவாதலூப்புக்கும் மார்த்தினீக்குக்கும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நம் தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகச் சென்றது வேறு கதை.) இங்கே வெளியூர்ச் சவாரிக்குக் கிலோ மீட்டர்க் கணக்கு. பெரும்பாலோர் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோ மீட்டர் என்று வைத்துக் கொள்கிறார்கள். அதற்குக் குறைவாக ஓடினாலும் அந்தத் தொகையைக் கொடுக்க வேண்டும். கணக்கு நம் வாசலில் தொடங்குவதில்லை. வண்டி தன் ஷெட்டை விட்டதிலிருந்து திரும்ப ஷெட்டுக்குப் போய்ச் சேரும் வரை கணக்குத்தான். டிரைவர் பேட்டா தனி. சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. மலைக்கென்று தனியாகக் கேட்பவர்களும் உண்டு. கேரள எல்லையைத் தாண்டுவதானால் அனுமதிச் சீட்டும் வரியும் யார் பொறுப்பு என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். வண்டியின் எண் பலகை மஞ்சளாகவும் எழுத்துக் கறுப்பாகவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதும் அவசியம். சொந்த உபயோகத்துக்கென்று பதிந்த வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்ட விரோதம். விபத்து நேர்ந்தால் இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியிடம் வழக்காடிக் கொண்டிருக்க நேரும்.

முதல் நாள் வால்பாறைக்குப் போவதென்று தீர்மானமாயிற்று. நமக்கு வாய்த்த டிரைவர் ஐம்பது பிராயத்தைக் கடந்தவர். முந்தின நாள் மாலையே போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்க சார், நாளைக்கு வெள்ளென அஞ்சரைக்குக் கிளம்பிரலாமுங்களா? வெயிலுக்கு முந்தி ஆழியாறு தாண்டிட்டா அம்மாவுக்கு நல்லாருக்குமுங்க."

"அப்படியே செய்யலாம் அண்ணா" என்றோம். தாயார் வருவது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தோம். "வயசானவங்க இருக்கறாங்களா?" என்று அவர்தாம் முன்னமே விசாரித்திருந்தார், நமக்குத்தான் நினைவில்லை.

காந்திபுரத்தைத் தாண்டும்போது மத்திய சிறைச்சாலையின் நெடுஞ்சுவரைக் காட்டி, "சிதம்பரனார் செக்கிழுத்த செயிலுங்க இது" என்றார். 1908-ஆம் ஆண்டில் இங்கே அடைக்கப்பட்ட அந்தக் கப்பலோட்டிய தமிழரை மாட்டுக்குப் பதிலாகச் செக்கில் பூட்டினார்கள். அந்தச் செக்கு இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. குழந்தைகள் ஜன்னல் வழியே அந்தச் சுவரை வெகுநேரம் பார்த்துக் கொண்டு வந்தார்கள். பாடப் புத்தகத்தில் இரண்டு வருஷமாக நாம் சொல்லிக் கொடுத்தது அந்த ஒரு நிமிஷத்தில் அவர்களுக்கு விளங்கியது.

பொள்ளாச்சி வரையில் தென்னந்தோப்புகள். அதற்கப்பால் ஆழியாறு அணை. காமராஜர் ஆட்சியில் உருவான பரம்பிக்குளம் - ஆழியாறுத் திட்டத்தின் நீர் அங்கே மலையடிவாரத்தில் பரந்து கிடக்கிறது. அணையைக் கடந்ததும் ஏற்றம். வால்பாறைப் பாதையில் 40 கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஏறத் தொடங்குமுன் அண்ணா வண்டியை நிறுத்தி, தாயாரை முன் ஆசனத்துக்கு மாற்றினார். "கீழ குனிஞ்சு பாக்காதீங்கம்மா, தூரத்து மலையப் பாருங்க" என்று சொல்லி, கையில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் கொடுத்தார். ஒன்பதாவது வளைவில் நின்று கீழே பார்த்தபோது, நாம் தாண்டி வந்த அணை ஒரு கைக்கண்ணாடியளவாக மின்னிற்று. எதிர்ப்பாறையில் வரையாடுகள் இரண்டு, வருகிறவர் போகிறவர்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்து கொண்டிருந்தன. குழந்தைகள் பிஸ்கோத்துப் பொட்டலத்தை எடுத்தார்கள். அண்ணா அதை வாங்கித் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் விலங்குகளுக்குத் தீனி போடக் கூடாதென்பது விதி. விதியைச் சொல்லாமல், "நம்ம பிஸ்கோத்தத் தின்னு பழகுனா ரோட்டுக்கு வந்து வண்டில அடிபடுமுங்க கண்ணு" என்று காரணத்தைச் சொன்னார். உபாத்தியாயர்களாகிய நாம் கற்றுக்கொள்ள வேண்டிய முறை இது.

வால்பாறையில் சாப்பாடு முடிந்ததும் மைத்துனர் தம்முடைய போனை விரித்தார். அதிரப்பள்ளி அருவி இங்கிருந்து சுமார் 80 கிலோ மீட்டர்தானாம்; இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதைப் பார்க்காமல் திரும்புவதா? மேலே எவ்வளவு ஆனாலும் கொடுத்து விடுவதாகவும் சொன்னார். அண்ணா தலையசைத்து மறுத்தார்.

"காசுக்குச் சொல்லலீங்க. அந்த மேப்பு ரோட்டத்தானுங்க காட்டும். மளுக்கப்பாறைக் காட்டுல ரோட்டு மேல நிக்கற ஆனையக் காட்டாதுங்க. போயிட்டு இந்த மலைய இருட்டுல, பனில இறங்கோணும். நான் மாட்டனுங்க."

மைத்துனருக்கு முகம் சிவந்தது. வாடகை கொடுப்பவர் சொல்லும் இடத்துக்கு வண்டி போக வேண்டாமா என்பது அவர் வாதம். நமக்கோ, கூடுதல் வரும்படியை வேண்டாமென்று தள்ளுகிற ஒரு மனிதரின் சொல்லில் சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று பட்டது. சோலையாறு அணையைப் பார்த்துவிட்டு, வெயில் இருக்கும்போதே இறங்கத் தொடங்கினோம். எந்தக் கியரில் ஏறினாரோ அந்தக் கியரிலேயே இறங்கினார். பிரேக்கை மிதித்துக் கொண்டே இறங்கும் வண்டியில் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். மேலே ஏறி வரும் வண்டிக்கே மலையில் முதல் உரிமை என்பது சட்டம். வளைவுக்கு வளைவு ஒதுங்கி நின்று எஸ்டேட் பஸ்களுக்கு வழி விட்டார். இருபத்தைந்தாவது வளைவுக்குள் மைத்துனர் தூங்கிப் போனார்.

கமிஷன் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டிப் பக்கம் போகிறவர்களைச் சில டிரைவர்கள் தேயிலைக் கடை, சாக்லேட் கடை, நீலகிரித் தைலக் கடை என்று குறிப்பிட்ட இடங்களுக்கே அழைத்துப் போவதுண்டு. கடைக்காரர் அவர்களுக்கு ஏதோ கொடுக்கிறார். இதைப் பெரிய மோசடியாக நாம் கருதவில்லை. வாடகையைக் கடைசி ரூபாய் வரை பேரம் பேசிக் குறைத்தவர்களுக்கு இதைப் பற்றிக் குறை சொல்ல வாய் ஏது? கடைகள் வேண்டாமென்றால் காலையிலேயே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இரண்டாம் நாள் ஊட்டி. 2024 மே 7-ஆம் தேதி முதல் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி நீலகிரிக்குச் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். அதையும் எடுத்து வைத்திருந்தோம். ஆனால் அன்று வந்தவர் வேறொருவர், இருபத்தைந்து வயது இளைஞர். கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்திருந்தன. "ராத்திரி தூங்கினீர்களா தம்பி?" என்று கேட்டோம். திருச்சிக்கு ஒரு சவாரி போய்விட்டு மூன்று மணிக்குத்தான் திரும்பினாராம். "ரெண்டு மணி நேரம் படுத்தனுங்க சார். ஒண்ணும் பிரச்சினையில்லீங்க" என்றார். வண்டி அனுப்பிய நிலையத்துக்குப் போன் செய்தோம்; வேறு ஆளில்லை என்று பதில் வந்தது. தாயார்தாம் முடிவு செய்தாள்: "ஊட்டி எங்கேயும் ஓடிப் போய்விடாது. பக்கத்தில் ஒரு கோயிலுக்குப் போவோம். பிள்ளை தூங்கட்டும்."

நொய்யல் கரையில் பேரூர் நகருக்கு வெகு சமீபம். பட்டீசுவரர் கோயிலில் கனகசபை மண்டபத்துத் தூண்களில் ஊர்த்துவ தாண்டவரும், யானையுரித்த பெருமானும், பிக்ஷாடனரும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கிறார்கள். மேல் விதானத்தில் கல்லில் செதுக்கிய சங்கிலிகள் தொங்குகின்றன. சுந்தரர் வந்தபோது இவ்வூர்ச் சுவாமி அம்பிகையோடு வயலில் இறங்கிக் கூலியாளாக நாற்று நட்டுக் கொண்டிருந்தார் என்பது தல புராணம். ஆனி மாதத்தில் அதற்கு ஒரு விழாவும் உண்டு. அந்தக் கதையைத் தாயார் குழந்தைகளுக்குச் சொல்லி முடிக்கும் வரை, வெளியே மர நிழலில் வண்டியின் ஆசனத்தைச் சாய்த்துப் போட்டு அந்தப் பிள்ளை தூங்கிற்று.

சுற்றுலா ஊர்களில் இரவு தங்கும்போது டிரைவர்கள் வண்டியிலேயே முடங்கிக் கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 2023-ஆம் ஆண்டில் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்களிலும் விடுதிகளிலும் விருந்தினரின் டிரைவர்களுக்குப் படுக்கும் இடமும் கழிப்பறையும் இருக்க வேண்டுமென்று விதித்தது. அறை பதிவு செய்யும்போது, "டிரைவர் படுக்க இடமுண்டா?" என்று கேட்க நமக்கு அரை நிமிஷம் ஆகும். கேட்பவர்கள் பெருகினால் விடுதிக்காரர்களும் இடம் ஒதுக்குவார்கள்.

பதினொரு மணிக்கு எழுந்த தம்பி, குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்து வெட்கத்தோடு நின்றார். நம்முடன் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடச் செய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. மாலையில் மருதமலைக்கு அழைத்துப் போனார். இ-பாஸை அடுத்த நாளுக்கு மாற்றிக் கொடுத்தவரும் அவரே. மறுநாள் காலை ஆறு மணிக்குச் சரியாக வாசலில் வண்டி நின்றது. நாம் கேட்பதற்கு முன்பே, "நேத்து ஒம்பது மணிக்கே படுத்துட்டனுங்க சார்" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.